பவுன்சர் வாடகைத் தொழில்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் ஏறித் துள்ளும் காற்று வீட்டுக்குக் காற்றுக்கோட்டை, ஜம்பிங் காசில் என்று பல பெயர் உண்டு. இங்கே பவுன்சர் என்றே எழுதுகிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இந்தத் தொழிலைத் தொடங்கியவர்களும் தொடங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவைதான் கீழே உள்ளவை. காற்றடிக்கும் வேலையை மோட்டர் பார்த்துக்கொள்ளும். அடித்த காற்றோடு சேர்ந்து வீடும் பறந்துவிடாமல் நிலத்தில் பிடித்து வைப்பது ஆட்களின் வேலை. அதனால் நிலத்தில் அடித்துக் கட்டும் முளையையும் காற்றையும் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும்.

முதல் பவுன்சர் எந்த அளவில் வாங்கலாம்?

15 அடிக்கு 15 அடி, கூரையில்லாத அல்லது பாதிக் கூரை போட்ட சாதாரண வீடு போதும். நிறை 100 கிலோவை ஒட்டி வரும். இரண்டு பேர் உருட்டி ஏற்றலாம், ஒரு பட்டாவின் (சின்ன லொறியின்) பெட்டிக்குள் காற்றடிக்கும் புளோவர், முளைப்பை, வயர் எல்லாவற்றோடும் அடங்கும். வைக்க 25 அடிக்கு 25 அடி வெறும் நிலம் வேண்டும். வன்னி வளவுகளில் அது பெரிய பிரச்சினையில்லை, தென்னைகளுக்கு நடுவில்தான் அளந்து பார்க்க வேண்டும்.

உயரமான சறுக்கு வாங்கச் சொல்லி விற்பவர் கேட்பார், முதலில் வேண்டாம். இரண்டு புளோவர் கேட்கும், காற்று பிடிக்கும் பரப்பு கூட, தூக்க நாலு பேர் வேண்டும்.

துணி 0.55 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிவிசி பூசிய தறப்பாளாக இருக்கட்டும். வாங்கும்போது கார்ட்டூன் படத்தைப் பார்ப்பதற்கு முன் அடியைப் பாருங்கள். சுற்றிவரக் குறைந்தது ஆறு கட்டுவளையம் வேண்டும். வளையம் தைத்த இடத்தில் மேலதிகத் துண்டு வைத்து இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும். எத்தனை பிள்ளை, எவ்வளவு உயரம் வரை, எவ்வளவு காற்று வரை என்று எழுதிய தயாரிப்பாளர் அட்டை தைத்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்து பழையது எடுப்பவர்கள், கடைக்காரர் முன்னாலேயே காற்றடித்து ஒரு மணித்தியாலம் விட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

தையலால் காற்று வருகிறதே, பழுதா?

இல்லை. இது ரியூப் மாதிரி அடைத்து வைக்கிற சாமான் அல்ல. ஊசித்துளைகளால் காற்று போய்க்கொண்டேயிருக்கும், போகிற அளவைவிடக் கூடுதலாகப் புளோவர் தள்ளிக்கொண்டேயிருக்கும். கையை வைத்தால் மெல்லிய காற்றுப் படுவது இயல்பு. விசில் மாதிரிச் சத்தம் வந்தாலோ, தையல் பிரிந்து வெளிச்சம் தெரிந்தாலோ அது பழுது.

ஒரு கொண்டாட்டத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

நாலு மணிக்குப் பிள்ளைகள் ஏறுவதென்றால் இரண்டரைக்கு வளவுக்குள் நிற்க வேண்டும். இறக்கி விரிக்கக் கால் மணித்தியாலம், காற்று நிறைய ஐந்து நிமிடமும் வேண்டாம். மிச்ச நேரம் முழுவதும் நிலத்துக்கும் முளைக்கும் மின்சாரத்துக்கும்தான்.

முதல் வேலை கூட்டுவது. தும்புத்தடி எடுத்து, விரிக்கும் இடத்துக்கு வெளியேயும் ஐந்தடி வரை கூட்டுங்கள். நெருஞ்சி, உடைமுள், பனங்கருக்கு, போத்தல் ஓடு, பந்தல்காரர் விட்ட ஆணி எல்லாம் அங்கேதான் கிடக்கும். மேலே நிமிர்ந்து பார்ப்பதை விடவேண்டாம்: மின்கம்பி, தேங்காய்க்குலை, முருங்கைக் கொப்பு. இந்த மூன்றில் ஒன்று மேலே இருந்தாலும் இடத்தை மாற்றுங்கள். முருங்கை காற்றே இல்லாமலும் முறியும்.

பிறகு படங்கு (தறப்பாள் விரிப்பு) விரித்து அதன் மேல் பவுன்சரை விரியுங்கள். வாசல் வீட்டுக்காரர் கதிரை போடும் பக்கம் பார்க்கட்டும், பெரியவர்கள் கண் படும். சுவர்ப் பக்கங்களில் 1.8 மீற்றரும், திறந்த வாசல் பக்கம் 3.5 மீற்றரும் வேலி, சுவர், கதிரை ஒன்றுமில்லாத வெறுவெளி வேண்டும். வாசலுக்கு முன் மெத்தை. புளோவர் பின்பக்கம், துணிக்குழாயின் முழு நீளத்துக்கு விலத்தி, பிள்ளைகள் போக முடியாதபடி.

குழாயைப் புளோவர் வாயில் மாட்டிப் பட்டியால் இறுக்கி, காற்று இறக்கும் சிப் (zip) எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று சுற்றி வந்து பார்த்த பிறகு சுவிச்சைப் போடுங்கள். காற்று நிறைய முன்னமே காற்று வரும் பக்கத்து இரண்டு முளையையாவது அடித்துக் கட்டிவிட வேண்டும். பாதி நிறைந்த பவுன்சர் பாய் மாதிரி, சின்னக் காற்றுக்கும் கவிழும்.

எத்தனை முளை? எவ்வளவு நீளம்?

எத்தனை கட்டுவளையம் உண்டோ அத்தனையிலும் முளை. "தம்பி, பின்னால ரெண்டு காணும்தானே, முன்னால பிள்ளையள் தடக்குப்படுவினம்" என்று வீட்டுக்காரர் சொல்வார். காணாது. ஐரோப்பாவில் பின்பற்றும் தரவிதிப்படி குறைந்தது ஆறு இடத்தில் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டும் 1600 நியூட்டன் இழுவையை, அதாவது 163 கிலோ தூக்கும் அளவு இழுவையைத் தாங்க வேண்டும். இரும்பு முளை குறைந்தது 380 மில்லிமீற்றர் நீளம், 16 மில்லிமீற்றர் தடிப்பு.

அந்த 380 என்பது புல்லும் ஈரமும் உள்ள இறுக்கமான நிலத்துக்கு. இங்கே நிலம் பத்து மைலுக்கு ஒன்றாக மாறுகிறது. 16 மில்லிமீற்றர் கட்டடக் கம்பியை இரண்டடியாக வெட்டி, தலையை உருட்டி, ஒரு வளையம் ஒட்டித் தரும்படி வெல்டிங் கடையில் கேளுங்கள். ஆறு கட்டுக்குப் பன்னிரண்டு செய்து வைத்தால் போதும். தலையில் பாதி வெட்டிய ரெனிஸ் பந்தைக் கவிழ்த்துவிட்டால் கால் கிழியாது, மாலையிலும் கண்ணுக்குத் தெரியும்.

அடிக்கும் விதம் முக்கியம். முளையின் தலை பவுன்சருக்கு எதிர்ப்பக்கம் சாய, 30 முதல் 45 பாகை சரிவில் சம்மட்டியால் இறக்குங்கள். பட்டி நிலத்திலிருந்து சரிவாக ஏற வேண்டும், நிமிர்ந்து நின்றால் முளையை நேரே மேலே பிடுங்கும். வளையம் மண்ணைத் தொடும் வரை இறக்குங்கள். பாதி வெளியே நிற்கும் முளை நெம்புகோல் மாதிரி, இழுக்க இழுக்க மண்ணைத் தானே அகட்டும். கட்டிய பிறகு பட்டியைப் பிடித்து, உடம்புப் பாரம் முழுவதையும் பின்னால் போட்டுச் சாயுங்கள். முளையின் தலை ஒரு விரல் அகலம் அசைந்தாலும் அதைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி அடியுங்கள். அதே குழியில் திரும்ப இறக்குவதில் பயனில்லை.

கோடையில் செம்மண்ணும் கிறவலும் கல்லாய்க் கிடக்கும், முளை அரைவாசியில் நின்றுவிடும். அப்போது அலவாங்கால் (கடப்பாரையால்) குழி போட்டு அதற்குள் முளையைச் செருகுவதுதான் ஊர்ப்பழக்கம். அது தவறு. அலவாங்குக் குழி முளையைவிட இரண்டு மடங்கு அகலம், சுற்றிவரப் பிடிமானமே இராது. முதல் நாள் பின்னேரம் வீட்டுக்காரரை அந்த ஆறு இடத்திலும் ஒவ்வொரு வாளி தண்ணீர் ஊற்றிவிடச் சொல்லுங்கள், காலையில் முளை இறங்கும். நெல் வயல்கரையின் களிமண் இதற்கு எதிர்மாறு: காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் களி. வெடிப்புக்குள் முளை போனால் கணக்கில் எடுக்க வேண்டாம். மழை பெய்த களியில் ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு முளையை ஒன்றன்பின் ஒன்றாய் அடித்து இரண்டையும் பட்டியால் இணையுங்கள்.

கடற்கரை மணலிலும் சீமெந்துத் தரையிலும் என்ன செய்வது?

முல்லைத்தீவுக் கரையோர மணலில் இரண்டடி முளையும் கத்தி பழத்தில் இருந்து வருவதுபோல வந்துவிடும். அங்கே புதைகட்டை. மூன்றடி நீளம் இரண்டடி ஆழத்தில் பவுன்சருக்குச் சமாந்தரமாக ஒரு பள்ளம் வெட்டி, மண் நிரப்பிய உரப்பை ஒன்றைக் குறுக்காகக் கிடத்தி, நடுவில் பட்டியைச் சுற்றி வெளியே எடுத்து, மணலை மூடி ஈரமாக்கி மிதியுங்கள். ஆறு பள்ளத்துக்கும் இரண்டு பேருக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அந்த நேரத்தை வாடகையில் சேர்த்தே பேசுங்கள்.

மண்டப வாசல், பாடசாலை முற்றம் போன்ற சீமெந்துத் தரையில் ஒவ்வொரு கட்டுக்கும் குறைந்தது 163 கிலோ பாரம் வேண்டும். 20 லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது 40 கிலோ. 200 லீற்றர் பரல் ஒன்றை விளிம்பு வரை நிரப்பினால் 200 கிலோ, கணக்குச் சரி. பட்டியைப் பரலின் அடியைச் சுற்றிக் கட்டுங்கள், மேலே கட்டினால் பரல் சாயும். பரல் இல்லையென்றால் 50 கிலோ மண் மூட்டை கட்டுக்கு நாலு, மொத்தம் இருபத்துநாலு. மண்ணையும் ஆட்களையும் வீட்டுக்காரர் தருவாரா என்று முன்பே கேட்க வேண்டும். இரண்டும் இல்லாத சீமெந்துத் தரை ஓடரை எடுக்க வேண்டாம்.

லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியில், மோட்டார் சைக்கிளில் கட்டுவது கூடவே கூடாது. ஐஸ் வாங்கவென்று யாரோ அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எவ்வளவு காற்றுக்கு நிறுத்த வேண்டும்?

மணிக்கு 38 கிலோமீற்றர் என்பது மேலே சொன்ன ஐரோப்பியத் தரவிதியின் உச்ச எல்லை. பவுன்சரில் தைத்த அட்டை அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் உங்கள் எல்லை. கையில் பிடிக்கும் காற்றுமானி ஒன்று வாங்குங்கள், நிலத்தில் குந்தியிருந்து அளக்காமல் திறந்த வெளியில் கையை உயர்த்தி அளந்து பாருங்கள். சராசரியைப் பார்க்க வேண்டாம், ஐந்து நிமிடத்தில் வந்த பெரிய வீச்சைப் பாருங்கள். 30ஐத் தொட்டால் பிள்ளைகளை இறக்கிவிடுவது எங்கள் எண்ணத்தில் சரியான பழக்கம். 38க்கு மிச்சம் வைத்திருந்தால்தான் இறக்க நேரம் கிடைக்கும்.

மானி கையில் இல்லாத நேரம் மரத்தைப் பாருங்கள். தூசியும் சொப்பிங் பையும் எழும்பினால் 20க்கு மேல். இலையோடு சின்ன மரம் முழுவதும் ஆடத் தொடங்கினால் 30ஐத் தாண்டிவிட்டது, பேச்சுக்கு இடமில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. 15 அடி அகலம் 10 அடி உயரச் சுவர் கிட்டத்தட்ட 14 சதுர மீற்றர். 38 கிலோமீற்றர் காற்று அதை நேரே ஏறத்தாழ 95 கிலோ அளவில் தள்ளும், 60 கிலோமீற்றர் வீச்சு 235 கிலோ அளவில் தள்ளும். பவுன்சரின் சொந்த நிறையோ 100 கிலோ. அடியில் காற்றுப் புகுந்து தூக்கத் தொடங்கினால் இந்தக் கணக்கும் போதாது.

வன்னியில் சிக்கல் என்னவென்றால், வேலை குவியும் மாதமும் காற்று மாதமும் ஒன்று. யூலை, ஆகஸ்டில் வெளிநாட்டிலிருந்து உறவுகள் வந்து நிற்க, பிறந்தநாளும் சாமத்தியவீடும் அடுக்கடுக்காக வரும். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவையொட்டி மன்னார்ப் பக்கமும் சனம். அதே நேரம்தான் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. நண்பகலில் ஏறி, பொழுது சாயச் சாய அடங்கும். அதனால் இந்த மாதங்களில் காலை எட்டு முதல் பத்தரை வரை, அல்லது மாலை நாலரைக்குப் பிறகு என்று நேரம் கொடுங்கள். வளவில் வேலியும் மரமும் மறைக்கும். அறுவடை முடிந்த வயலும் இரணைமடுக் குளக்கட்டுப் பக்கமும் ஒன்றும் மறைக்காது.

காற்றே இல்லாத நாளில் சுழல்காற்று வருமா?

வரும். வெயில் ஏறிய வெறுந்தரையில், முன்னறிவிப்பில்லாமல், சருகையும் புழுதியையும் சுழற்றிக்கொண்டு வரும். 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா மாநிலத்து டெவன்போர்ட் நகரில், ஒரு ஆரம்பப் பாடசாலையின் ஆண்டிறுதி விழாவில் இப்படியொரு சுழல்காற்றுத்தான் காற்று வீட்டைத் தூக்கியது. ஆறு பிள்ளைகள் இறந்தார்கள். இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் 2016 மார்ச்சில் பூங்காவொன்றில் வைத்த காற்று வீட்டைச் சாதாரணக் காற்றே கிளப்பிக்கொண்டு போனது. ஏழு வயதுச் சிறுமி இறந்தாள், நடத்திய இருவருக்கும் 2018இல் மூன்றாண்டுச் சிறை.

காய்ந்த விளையாட்டு மைதானத்தில் நண்பகலில் பவுன்சர் வைக்காமல் இருப்பதுதான் இதற்கு மருந்து. வைத்தே ஆக வேண்டுமென்றால் எல்லா முளையையும் இரட்டிப்பாக்கி, மரவோரமாகத் தள்ளி வையுங்கள்.

வீட்டு மின்சாரம் தாங்குமா?

தாங்கும், சரியான பிளக்கில் போட்டால். 15 அடிப் பவுன்சருக்கு 1.1 கிலோவாற் புளோவர், அதாவது ஒன்றரைக் குதிரைவலு. ஓடும்போது 6 அம்பியர் அளவு எடுக்கும், தொடங்கும் நொடியில் அதைப்போல மூன்று நாலு மடங்கு. லைற் வயரில் தொங்கும் 5 அம்பியர் பிளக்கில் மாட்ட வேண்டாம். குசினியில் 13 அல்லது 15 அம்பியர் பிளக் இருக்கும். அந்த வீட்டுக்கு ட்ரிப் சுவிச் (மின்கசிவு ஏற்பட்டால் தானே நிறுத்தும் சுவிச்) உண்டா என்று பாருங்கள், பொத்தானை அழுத்தி விழுகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் பூட்டிய பெட்டியொன்றை உங்கள் வயரிலேயே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், 30 மீற்றர், மண்கம்பியோடு மூன்று இழை. "மோட்டர் முழங்குது, சுத்தேல்லை" என்று வரும் முறைப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது வயர்தான். ஒரு சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரை 50 மீற்றர் இழுத்தால் ஓடும்போது 13 வோல்ற் குறையும், தொடங்கும்போது 20 அம்பியர் இழுக்க 44 வோல்ற் குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 186. ஊர்க்கோடியில், ட்ரான்ஸ்போமருக்கு எட்டத்தில் உள்ள வீட்டில் தொடக்கமே 210தான் என்றால் மோட்டர் எழும்பாது, நின்று சூடாகிக் கருகும்.

ரீலில் சுற்றிய வயரை முழுக்க அவிழ்த்து விரியுங்கள். சுற்றியபடி விட்டால் உள்சுற்று சூடேறி உருகும். இன்னொன்று, புளோவர் மாட்டிய பிளக்கைச் சவுண்ட்காரரோடு பங்குபோட வேண்டாம். மைக் மாட்ட இடமில்லையென்று அவர் எதைக் கழற்றுவார் என்று சொல்ல முடியாது. பிளக்கின் மேல் "கழற்றாதீர்கள், பிள்ளைகள் உள்ளே" என்று எழுதி ஒட்டுங்கள்.

ஜெனரேற்றர் எந்த அளவு?

ஒரு 1.1 கிலோவாற் புளோவருக்கு 3 கேவிஏ. தொடக்க இழுவைக்காகத்தான் இவ்வளவு. இரண்டு புளோவர் என்றால் 5 கேவிஏ, ஒன்று வேகம் பிடித்த பிறகே மற்றதைப் போட வேண்டும். அரைப்பாரத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சற்றுக் கூடக் குறையப் போகும். தாங்கியை நிரப்பித் தொடங்குங்கள். இடையில் ஊற்ற வேண்டுமென்றால் பிள்ளைகளை இறக்கி, நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள். புகை பவுன்சருக்குள் இழுபடாதபடி புளோவர் வாய்க்குக் காற்றின் கீழ்ப்பக்கம் வையுங்கள்.

புளோவர் ஓடுகிறது, ஆனால் பவுன்சர் தொய்கிறது. ஏன்?

பார்க்கும் ஒழுங்கு இது. சிப் திறந்திருக்கிறதா, பாவிக்காத இரண்டாவது குழாயைக் கட்ட மறந்தீர்களா, குழாய் முறுகியிருக்கிறதா, புளோவரின் வலைமூடியில் சொப்பிங் பையோ பலூன் துண்டோ ஒட்டியிருக்கிறதா. பத்துக்கு எட்டுத் தடவை இந்த நாலில் ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் வோல்ற்றேஜ், கிழிசல்.

மோட்டர் முழங்கிச் சுற்றாமல் நின்று, பிளக்கைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் சுழற்றினால் இலகுவாகச் சுற்றுகிறது, வயரும் சரியென்றால் கப்பாசிற்றர் போய்விட்டது. மோட்டர் தகட்டில் எழுதிய மைக்ரோபராட் அளவிலேயே ஒன்றை வாங்கி வண்டியில் வைத்திருங்கள். மாற்றும் முன் பழையதின் மின்னேற்றத்தை இறக்கத் தெரிந்தவர் மட்டும் கைவைக்கட்டும்.

நிறைந்தது போதுமா என்று பார்க்க, வளர்ந்த ஒருவர் நடுவில் நின்று ஒரு காலை ஊன்றிப் பார்க்க வேண்டும். பாதம் நிலத்தைத் தொடக்கூடாது.

பிள்ளைகள் உள்ளே நிற்க மின்சாரம் போனால்?

ஒன்றிரண்டு நிமிடம் இருக்கிறது, பதறத் தேவையில்லை, நிற்கவும் நேரமில்லை. வாசலில் நிற்பவர் முதலில் வாசல் மேல்வளைவைக் கையால் தாங்க வேண்டும், அது முதலில் சரிந்து வழியை மூடும். "இருந்து வழுக்கி வாங்கோ" என்று சின்னதுகளை முதலில் வெளியே எடுங்கள். மற்றவர் பிளக்கையும் ட்ரிப் சுவிச்சையும் பார்க்கட்டும். மின்சாரம் திரும்பினாலும் முழுக்க நிறையும் வரை யாரையும் ஏற்றக் கூடாது. முதல் நாள் கேட்டுப் பார்த்தால், அடுத்த நாள் அந்தப் பகுதிக்கு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள்?

அட்டையில் உள்ள எண்ணிக்கை. அட்டை கிழிந்துபோன 15 அடி வீட்டில் சின்னப்பிள்ளைகள் எட்டு, பத்து வயதுக்கு மேல் ஆறு. எண்ணிக்கையைவிடப் பெரிது கலக்காமல் விடுவது. நாலு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பொடியன் குதித்தால் சின்னது மேலே எறிபடும். கை முறிவு அநேகமாக அப்படித்தான் வருகிறது. பத்து நிமிடம் சின்னவர்கள், பத்து நிமிடம் பெரியவர்கள். குட்டிக்கரணம் இல்லை, சுவரில் ஏறுவது இல்லை, வாயில் ரொபி இல்லை. பட்டுப்பாவாடை வழுக்கும், மாற்று உடை போட்டுவிடச் சொல்லுங்கள்.

வாசலில் நிற்பது உங்கள் ஆளாக இருக்கட்டும். மாமா பார்த்துக்கொள்வார் என்பார்கள். மாமா சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவார்.

பெரியவர்கள் ஏறலாமா?

இல்லை. மாமியின் மனம் நோகும், பரவாயில்லை.

நகை தொலைந்தால் யார் பொறுப்பு?

ஏறும் முன் சங்கிலி, தோடு, காப்பு, கொலுசு கழற்றித் தாயிடம் கொடுக்க வேண்டும் என்று ஓடர் எடுக்கும்போதே சொல்லி, ரசீதிலும் எழுதுங்கள். அப்படியும் ஒரு தோட்டுச் சுரை விழும். எங்கே தேடுவது என்று தெரிந்தால் கிடைக்கும். துள்ளும் தளமும் சுவரும் சேரும் மூலையில் காற்று நிறைந்திருக்கும்போது ஒரு இறுகிய மடிப்பு இருக்கும், விழுந்தது எல்லாம் உருண்டு அதற்குள்தான் போகும். காற்றை இறக்கும் முன் அந்த மடிப்பைச் சுற்றிவர விரல்விட்டுத் தடவுங்கள். காற்றை இறக்கிய பிறகு மடிப்பு விரிந்து, பொருள் துணிச் சுருக்கத்துக்குள் மறைந்துவிடும். கிடைக்காவிட்டால் சுருட்டும் முன் வீட்டுக்காரர் முன்னிலையில் தளத்தைக் கூட்டி, குப்பையை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டுங்கள்.

வெயிலுக்குத் துணி சுடுகிறதே?

புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் பிள்ளையின் பாதமும் வைக்க முடியாது. சறுக்கின் முகம் மேற்கைப் பாராமல் திருப்பி வையுங்கள். தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கலாம், ஆனால் துடைத்துக் காயவிட்டே ஏற்ற வேண்டும்.

மழை வந்தால்?

பிள்ளைகளை இறக்கி, மின்சாரத்தை நிறுத்தி, புளோவரை மூடுங்கள். நனைந்த துணி கண்ணாடி மாதிரி வழுக்கும். இடிமுழக்கம் கேட்டாலே இறக்குங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை இங்கே வழமை. மாரி மாதங்களில் வெளி ஓடர் எடுப்பதென்றால் திகதி மாற்றும் உரிமையோடு எடுங்கள்.

சுருட்டும்போது ஏன் பையில் அடங்குவதில்லை?

காற்று உள்ளே நிற்கிறது. சிப் எல்லாவற்றையும் திறந்து, குழாயை அவிழ்த்து, சுவர்களை உள்நோக்கி மடித்து, குழாய்க்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து மிதித்து வாருங்கள். நீளவாக்கில் மூன்றாக மடித்து, குழாய் இருக்கும் பக்கம் நோக்கி உருட்டுங்கள், கடைசிக் காற்று குழாயால் போகும். பொழுதுபட்ட பிறகு தரையில் கிடந்த படங்குக்குக் கீழே வெறுங்கையை நுழைக்க வேண்டாம். ரோச் அடித்து, தடியால் புரட்டிப் பார்த்துத் தூக்குங்கள், புடையன் பாம்பு சூட்டுக்கு வந்து ஒதுங்கும்.

எப்படிக் கழுவுவது, எங்கே வைப்பது?

பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர், மென்மையான துணி. பெற்றோல், தின்னர் பூச்சைக் கரைக்கும். சத்தி எடுத்திருந்தால் கடதாசியால் அள்ளி, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, 5 வீத வெளுக்கும் திரவத்தை லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் கலந்து பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

ஈரத்தோடு சுருட்டினால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறை போகாது. இரவு ஈரமாகக் கொண்டுவந்தால் அடுத்த நாள் காலையிலேயே வளவில் காற்றடித்து, தையல் மூலை வரை காய வையுங்கள். பிறகு நிலத்தில் படாமல் பலகைத் தட்டின் மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. கறையான் அரிக்கக்கூடும். அகிளான் (பெருச்சாளி) எல்லாவற்றையும் வெட்டும். கேக் துண்டும் மிக்சரும் உள்ளே சிக்கியிருந்தால் அதைத் தேடியே வரும்.

கிழிந்தால் சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசன் பிடிக்குமா?

பிடிக்காது, அது றப்பருக்கானது. பிவிசி பசை வேண்டும். கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக, மூலைகளை வளைத்து ஒரு துண்டு வெட்டுங்கள், கூர்மூலை உரியும். இரண்டு பரப்பையும் துடைத்துக் காயவிட்டு, இரண்டிலும் பசை பூசி, விரலில் இழுபடும் பதம் வந்ததும் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஒரு நாள் முழுக்கப் பாரம் வைத்துவிடுங்கள்.

தையல் பிரிந்தால் பசை வேலைக்கு உதவாது. வாகனக் குசன் தைக்கும் கடையில் தடித்த நைலோன் நூலால் இரண்டு வரி தைத்து வாங்க வேண்டும். கட்டுவளையம் பிய்ந்திருந்தால் அது தைத்து முடியும் வரை பவுன்சர் வெளியே போகக் கூடாது.

எந்த நிலத்திலும் முளை அடிக்கலாமா?

வன்னியில் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். போர் 2009இல் முடிந்தாலும் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஆட்கள் பல வருடமாகப் புழங்கும் வளவு, பாடசாலை, கோயில் வீதி இவற்றில் அடியுங்கள். புதிதாகத் துப்புரவாக்கிய பற்றைக்காணியில் அடிக்க வேண்டாம், கிராம அலுவலரிடம் கேட்டறியும் வரை. சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் வண்டியையே திருப்ப வேண்டாம். முளை ஏதோ உலோகத்தில் தட்டினால் தோண்டிப் பார்க்காதீர்கள். ஆட்களை விலத்தி 119க்கு அழையுங்கள்.

அனுமதி ஏதும் வேண்டுமா?

தொழில் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். பொது விளையாட்டுத் திடல் என்றால் அந்தப் பிரதேச சபையிடம், கிளிநொச்சி நகரில் கரைச்சிப் பிரதேச சபையிடம், எழுத்தில் கேளுங்கள்.

வாடகையை எப்படிப் பேசுவது?

தூரம், மணித்தியாலம், தரை, மின்சாரம் நாலையும் கேட்ட பிறகே தொகை சொல்லுங்கள். கிளிநொச்சியிலிருந்து வவுனியா ஒருவழி ஏறத்தாழ 75 கிலோமீற்றர். அந்த டீசலையும் இரண்டு ஆட்களின் முழுநாள் கூலியையும் கழித்தால் உள்ளூர் வாடகையில் ஒன்றும் மிஞ்சாது. மூன்றில் ஒரு பங்கு முற்பணம் வாங்குங்கள். வைக்கும் முன்னமே காற்றால் வைக்க முடியாமல் போனால் வேறு திகதி அல்லது முற்பணம் திரும்ப, பாதியில் நிறுத்தினால் ஓடிய நேரத்துக்குக் காசு என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இது எழுதப்படாத இடத்தில்தான், மரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே "இன்னும் கொஞ்ச நேரம் விடுவம்" என்று வாய் வரும்.

இரவு எத்தனை மணிக்குப் புறப்படலாம்?

ஒன்பதுக்கு முன். ஏ9 வீதியில் கட்டாக்காலி மாடுகள் தாருக்குச் சூடுகாயப் படுத்திருக்கும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை குறுக்கிடும். பின்பெட்டியில் 100 கிலோ ஈரத்துணி இருக்கும்போது பிறேக் பகலில் பிடித்த தூரத்தில் பிடிக்காது. ஏற்றியதைப் பட்டியால் கட்டி, முளைகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு கொண்டுபோய்ப் பதினொன்று திரும்பினால் ஒன்று அந்த வளவில், நாளை காலை பிள்ளைகள் ஓடும் இடத்தில் நிற்கிறது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வாருங்கள்.